ஹெட்போனுக்கு முதற் கருவி தெரிதல்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையை நாம் ஹல்துமுல்லையிற் கழித்தோம். பலாங்கொடையிலிருந்து மலையேறிப் பெரகலைச் சந்தியை நோக்கிச் செல்லும் வீதியில், ஒருபுறம் தேயிலைச் சரிவும் மறுபுறம் தெற்கே விரிந்து கிடக்கும் தாழ்நிலமுமாக அமைந்த ஊர் அது. ஆங்கு எம் தமக்கையார் வீட்டில், உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் மருமகன் எம்மை அணுகி, "மாமா, ஹெட்போனுக்கு ஒரு டாக்கும் அம்பிளிபயரும் வாங்கப் போகிறேன். முதல் முறை வாங்குகிறவன் எதை வாங்கலாம்?" என்று வினவினான். அவன் கையிலிருந்த பணம், தோட்டத்துச் சிறுவர்க்கு மாலை வேளைகளிற் பாடஞ் சொல்லிக் கொடுத்து அவனே சேர்த்தது. அதனை வீணாக்க எமக்கு மனம் வரவில்லை. அதே வினாவிற்கு ஒருமுறை தவறான விடை கண்டு பணத்தை இழந்தவர் நாம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அவனுக்கு நாம் இரண்டு மாலைகளிற் கூறியவற்றைத் தொகுத்து, நம் கல்லூரியின் இற்றைநாள் மாணவர்க்கும், ஓய்வுக் காலத்தில் இசை கேட்க விழையும் பழைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி இங்கே தருகின்றோம்.

இரு கருவிகள், இரு தொழில்கள்

கடைகளில் இவ்விரு கருவிகளும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் வருவதால், இரண்டும் ஒன்றெனப் பலர் மயங்குகின்றனர். அவற்றின் தொழில் வேறு.

கைபேசியிலும் கணினியிலும் பாட்டு எண்களாகச் சேமிக்கப்பட்டுள்ளது. செவியோ எண்ணை அறியாது. காற்றின் அசைவையே அறியும். எண்களைத் தொடர்ந்து ஏறியிறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவது இலக்க மாற்றி. இதனையே வழக்கில் டாக் என்கின்றனர். அவ்வாறு பிறந்த மின்குறி மிக மெலியது. ஹெட்போனினுள் இருக்கும் சுருளை அசைக்கத்தக்க வலுவை அதற்கு ஊட்டுவது அம்பிளிபயர். நம் பாடநூல்கள் இதனை விரியலாக்கி என்று குறிப்பிடும். முன்னது மொழிபெயர்ப்பாளனைப் போன்றது. பின்னது உரத்த குரலில் அதனை அவைக்கு எடுத்துரைப்பவனைப் போன்றது. மொழிபெயர்ப்புப் பிழையாயின் உரத்துக் கூறுவதாற் பயனில்லை. மொழிபெயர்ப்புச் செவ்வையாயிருந்தும் குரல் எட்டாவிடின் அதுவும் பயனில்லை. எனவே, வாங்கப் புகுமுன், நம்மிடம் உள்ள குறை எது என்று அறிதல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. ஒலி வரும் கைபேசியிலும் மடிக்கணினியிலும் ஒரு மாற்றியும் ஒரு விரியலாக்கியும் ஏற்கெனவே உள. கம்பியில்லாத புளூடூத் ஹெட்போனில் அவ்விரண்டும் ஹெட்போனின் உள்ளேயே அமைந்திருக்கின்றன. கம்பியின்றிக் கேட்கும்போது வெளியே எத்துணை விலையுயர்ந்த கருவி இருப்பினும் அதற்கு அங்கே வேலையில்லை. இதனை அறியாது பணஞ் செலவிட்டோர் பலர்.

ஒலி எண்ணாகும் விதம்

நாடித் துடிப்பைக் குறிக்கும் மருத்துவத் தாதி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை அளவெடுத்து எழுதுவதைப் போல, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சம இடைவெளியில் அளந்து எழுதுவதே இலக்கமுறைப் பதிவு. எத்துணை விரைவாக அளக்க வேண்டும் என்னும் வினாவிற்கு நைக்குவிஸ்ட் என்பார் 1928 ஆம் ஆண்டிலும், ஷனன் என்பார் 1949 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் வழிகாட்டின. பதிய வேண்டிய உச்ச மீடிறனின் இருமடங்கிற்கு மேற்பட்ட விரைவில் அளந்தால், இடையிலுள்ள அலையை ஒன்றும் குறையாமல் மீட்டெடுக்கலாம் என்பதே அதன் சாரம்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். முதுமையில் மேலெல்லை வெகுவாகக் குறையும். ஆதலின் 1982 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இசைத்தட்டில் விநாடிக்கு 44,100 முறை அளவெடுக்கும் முறை கையாளப்பட்டது. ஒவ்வோர் அளவும் 16 துவித இலக்கங்களால் எழுதப்படும். அதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 தெசிபெல் இடைவெளியை அது தாங்கும். நம் வீடுகளில் இருந்த ஒலிநாடா 50 முதல் 60 தெசிபெல் அளவையே தாங்கியது. எனவே 192,000 அளவென்றும் 24 இலக்கமென்றும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பதிவுக்கூடத்தில் அவற்றுக்குப் பயனுண்டு. கேட்போன் செவிக்கு அவற்றால் வரும் ஊதியம் மிகச் சிறிது. இன்று சிறு விரலளவான மலிவு மாற்றிகளே செவிக்குக் குறைதோன்றாத அளவிற்குத் தொழில் புரிகின்றன.

தடங்கலும் உணர்திறனும்

இனி விரியலாக்கிக்கு வருவோம். அது வேண்டுமா வேண்டாவா என்பதை ஹெட்போனே கூறும். அதன் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுக. ஒன்று தடங்கல், ஓம் என்னும் அலகில் தரப்படும். மற்றொன்று உணர்திறன், ஒரு மில்லிவாற்று வலுவிற்கு எத்தனை தெசிபெல் ஒலி பிறக்கும் என்பதே அது.

தடங்கல் எதற்காக வேறுபடுகின்றது என்பதைப் பழைய செய்தி ஒன்று விளக்கும். 1925 டிசெம்பர் 16 அன்று கொழும்பில் வானொலி முறையாகத் தொடங்கிய காலத்தில், உலகெங்கும் பளிங்கு றேடியோ வழக்கில் இருந்தது. அதற்கு மின்கலமும் இல்லை, விரியலாக்கியும் இல்லை. வான்கம்பியிற் பட்ட அலையின் சிறு வலுவே செவியில் ஒலித்தது. அச்சிறு மின்னோட்டத்தைக் கொண்டு செவிக்கருவியின் தகட்டை அசைக்க, மயிரனைய கம்பியைப் பல்லாயிரஞ் சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. ஆகவே அக்காலத்துச் செவிக்கருவிகளின் தடங்கல் 2,000 ஓம் அளவில் இருந்தது. கருவிக்கு ஏற்ற செவிக்கருவி, செவிக்கருவிக்கு ஏற்ற கருவி என்னும் இணக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

இன்றும் அவ்வாறே. பதிவுக்கூடங்களிற் காணப்படும் சோனி எம்.டி.ஆர். 7506 என்பது 63 ஓம். செனைசர் எச்.டி. 600 என்பது 300 ஓம். பயர்டைனமிக் டி.ரி. 770 புரோ என்னும் ஒரே பெயருடைய ஹெட்போன் 32, 80, 250 ஓம் என மூவகையாக விற்கப்பட்டுள்ளது. பெயரை மட்டும் பார்த்து வாங்குவோன் இடறுவது இங்கேதான்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். முதல் ஹெட்போன் 32 ஓம், உணர்திறன் 100 தெசிபெல். இரண்டாவது 300 ஓம், உணர்திறன் 97 தெசிபெல். இசையின் உச்சக் கணங்களில் 110 தெசிபெல் வரை எட்ட வேண்டுமெனக் கொள்வோம். இதுவே மிக உரத்த அளவு. 10 தெசிபெல் கூடுதற்கு வலு பத்து மடங்காதல் வேண்டும். 3 தெசிபெல்லுக்கு இரு மடங்கு. ஆகவே முதலாவதற்கு 10 மில்லிவாற்றும் இரண்டாவதற்கு 20 மில்லிவாற்றும் வேண்டும். வலுவைத் தடங்கலாற் பெருக்கி வர்க்கமூலங் கண்டால், முதலாவதற்கு வேண்டிய மின்னழுத்தம் 0.57 வோல்ற்று, இரண்டாவதற்கு 2.45 வோல்ற்று.

கைபேசியின் துளையோ அதில் மாட்டும் சிறு இணைப்பானோ பொதுவாக அரை வோல்ற்று முதல் ஒரு வோல்ற்று வரை தரும். முதல் ஹெட்போனுக்கு அதுவே தாராளம். இரண்டாவதற்கு ஒரு வோல்ற்றுக் கிடைத்தால் உச்சம் 102 தெசிபெல் வரை எட்டும். அடக்கமாகக் கேட்போர்க்கு அதுவும் போதும். மெல்லிதாகப் பதிவாகிய பழம்பாட்டைக் கேட்போர்க்கே தனி விரியலாக்கி துணைபுரியும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. சிலர் உணர்திறனை மில்லிவாற்றுக்கன்றி ஒரு வோல்ற்றுக்குக் கணித்து எழுதுவர். 32 ஓம் ஹெட்போனில் இவ்விரு கணக்கிற்கும் இடையே 15 தெசிபெல் வேறுபாடு உண்டு. அலகைப் பாராமல் எண்ணை ஒப்பிடுவது, இறாத்தலையும் கிலோவையும் ஒன்றெனக் கொண்டு கொழுந்து நிறுப்பதை ஒக்கும். நிறுவையிற் பிழை வந்தால் யாருக்கு நட்டம் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு நாம் கூற வேண்டியதில்லை.

வெளியீட்டுத் தடங்கல்

விரியலாக்கிக்கும் தனக்கென ஒரு தடங்கல் உண்டு. அது ஹெட்போனின் தடங்கலில் எட்டிலொரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது கைக்கொள்ளத்தக்க விதி. காரணத்தையும் கணக்காலேயே காட்டலாம்.

ஹெட்போனின் தடங்கல் எல்லா மீடிறனிலும் ஒன்றாக இராது. 32 ஓம் என எழுதப்பட்ட ஒன்று தாழ்ந்த சுரங்களில் 64 ஓம் ஆகலாம். விரியலாக்கியின் தடங்கலும் 32 ஓம் ஆயின், நடுச் சுரத்திற்கு மின்னழுத்தத்தின் இரண்டிலொரு பங்கும், தாழ்ந்த சுரத்திற்கு மூன்றில் இரு பங்கும் சேரும். தாழ்ந்த சுரம் 2.5 தெசிபெல் மிகுந்து ஒலிக்கும். தவிலின் தொப்பி முழக்கம் பாடுவோன் குரலை மூடும். விரியலாக்கியின் தடங்கல் 2 ஓம் ஆயின் அவ்வேறுபாடு கால் தெசிபெல் அளவே. செவி அதனை உணராது. இவ்வெண் குறைவாயுள்ள கருவியையே தெரிக. விலைச்சீட்டு இதனைக் கூறாது. கருவியின் விவரத்தாளிற் பார்த்தல் வேண்டும்.

உரத்தது நன்றெனத் தோன்றும் மயக்கம்

கடையில் இரு கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்டுத் தெரிவு செய்யலாமே என்பர். நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. சிறிதளவு உரத்து ஒலிப்பதைச் செவி உரத்தது என்று அறிவிக்காது. தெளிவானது, இனிமையானது என்றே அறிவிக்கும். அரைத் தெசிபெல் வேறுபாடே இதற்குப் போதும். ஆதலின் ஒப்பிடுமுன் இரண்டின் உரப்பையும் சமப்படுத்துக. 60 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றை ஒலிக்கவிட்டு, ஹெட்போன் மாட்டிய நிலையில், சாதாரண வோல்ற்றுமானியால் இரண்டின் மின்னழுத்தத்தையும் அளந்து ஒன்றாக்கலாம். பின்னர் நண்பர் ஒருவர் எதை மாட்டினார் என்று கூறாமல் மாற்றித் தர, பத்து முறையேனும் கேட்டுச் சொல்க. சரியும் பிழையும் சமமாக வந்தால், விலை குறைந்ததை மகிழ்ந்து வாங்கி வருக.

நாம் இழந்த பணம்

இனி எம் கதை. எம் அம்மாயி, தம் தாயை நினைந்து பாடிய ஒப்பாரி ஒன்று ஒலிநாடாவிற் பதிவாகியிருந்தது. லயன் வீட்டின் முன் திண்ணையிற் பதிந்தது. இடையிடையே மழையும் நாயும் கேட்கும். அதனைக் கொழும்பில் ஒருவரிடங் கொடுத்து முன்னரே கணினிக் கோப்பாக்கி வைத்திருந்தோம். சொற்கள் பல மங்கி ஒலித்தன. சிறந்த மாற்றியும் விரியலாக்கியும் இருந்தால் அச்சொற்கள் துலங்கும் என்று எண்ணி, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பெட்டியை வாங்கினோம்.

துலங்கியது நாடாவின் இரைச்சலே. சொல் துலங்கவில்லை. பின்னர், நாடாவை நேரே அப்பெட்டியிற் கொடுத்து மீண்டும் பதியலாமென முயன்றோம். அதற்கு அப்பெட்டியில் வாயிலே இல்லை! அது எண்ணை ஒலியாக்குவது; எமக்கு வேண்டியதோ ஒலியை எண்ணாக்கும் மறுதிசை மாற்றி. கிணற்றில் நீரிறைக்க வாளி தேடியவர் குடத்தை வாங்கி வந்த கதையாயிற்று.

பின்பு நடந்தது மிக எளியது. பழைய நாடாப்பெட்டி ஒன்றைத் தேடியெடுத்து, அதன் காந்தத் தலையை ஐசோபுரொப்பைல் மதுசாரந் தோய்த்த பஞ்சினால் துடைத்தோம். தலையின் சாய்வைத் திருத்தும் சிறு திருகாணியை, ஒலி மிகத் தெளிவாகும் இடம்வரை மெல்லத் திருப்பினோம். அச்சாய்வு இம்மி பிசகினும் உயர்ந்த மீடிறன்கள் மறைந்துவிடும். சகரம் போன்ற உரசொலிகள் வாழ்வது அவ்விடத்தேதான். பின் மலிவான உள்வாங்கு மாற்றி ஒன்றினூடாகக் கணினியிற் புதிதாகப் பதிந்தோம்.

அன்றிரவு, செவியை நன்கு மூடும் சாதாரண ஹெட்போனில் அதனைக் கேட்டோம். இருபது ஆண்டுகளாக எம் குடும்பத்தார் அப்பாட்டில் "வேலை" என்று கேட்டு, அவ்வாறே குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருந்த சொல், "சேலை" என்று தெளிவாக ஒலித்தது. தோட்டத்துப் பாட்டு ஆதலின் வேலையைப் பற்றியதாகவே இருக்கும் என்று நாமும் ஐயமின்றி நம்பியிருந்தோம். அம்மாயி பாடியதோ தம் தாய் உடுத்து விட்டுச் சென்ற சேலையைப் பற்றி. நாம் வாங்கிய விலையுயர்ந்த பெட்டி அப்போது மேசையில் மாட்டப்படாமல் இருந்தது.

பதிவிற் சேராத சொல்லை எந்தப் பெட்டியும் தாராது. பணம் செல்ல வேண்டிய வரிசை, முதலிற் பதிவு, அடுத்து ஹெட்போன், ஈற்றிலேயே மாற்றியும் விரியலாக்கியும். இதுவே நாம் அன்று விலைகொடுத்துக் கற்ற பாடம். மலையக மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் வழியில், தம் வீட்டு முதியோர் பாட்டை எழுதி வைக்க விரும்பும் மாணவர்க்கு இவ்வரிசை மிகவும் வேண்டியது. பதிந்தவற்றிற்குப் படி எடுத்து வேறோர் ஊரிலும் வைத்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று, இதே ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. உயிர்களோடு, அவ்வீடுகளில் இருந்த படமும் ஏடும் மண்ணுள் மறைந்தன. ஒரே வீட்டிலுள்ள ஒரே படி படியாகாது.

செவியைக் காத்தல்

விரியலாக்கி வாங்குவோர்க்கு இறுதியாக ஒரு சொல். வலு மிகுந்த கருவியைச் செவிக்கு அருகே வைத்தல், கூர்ங்கத்தியைக் கையில் எடுத்ததற்கு நிகர். உலக சுகாதார ஸ்தாபனம் வாரத்திற்கு 40 மணி நேரம் 80 தெசிபெல் என்பதைப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கின்றது. 3 தெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 90 தெசிபெல்லில் வாரத்திற்கு 4 மணி நேரமே. 100 தெசிபெல்லில் 20 நிமிடமே. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளையா. பேருந்தின் இரைச்சலை வெல்ல உரப்பைக் கூட்டுவதினும், வெளியொலியைத் தடுக்கும் மூடிய ஹெட்போனை அணிந்து உரப்பைக் குறைப்பதே அறிவு. வீதியோரம் நடக்கும்போது அதுவும் ஆகாது, கழற்றி விடுக.

முடிவாக

தெரிவு முறையைச் சுருக்கிக் கூறுவோம். உள்ள கருவியில் ஹெட்போனை மாட்டிக் கேட்க. வேண்டிய உரப்பு வருகின்றதா? வருமாயின் விரியலாக்கி வேண்டா. பாட்டை நிறுத்திய பின்னும் சீறலோ முனகலோ கேட்கின்றதா? கேட்குமாயின் மாற்றி ஒன்று உதவும். கணினியின் உள்ளே பிறக்கும் மின்னிரைச்சல் வெளியேயுள்ள மாற்றியை அவ்வளவாக அணுகாது. கைபேசியில் துளையே இல்லையா? சிறு இணைப்பான் போதும். உயர்ந்த தடங்கலும் குறைந்த உணர்திறனும் உடைய ஹெட்போன் கையில் உண்டா? மேற்காட்டிய கணக்கைச் செய்து, வேண்டிய வோல்ற்றைத் தருவதும், வெளியீட்டுத் தடங்கல் தாழ்ந்ததுமான ஒன்றை வாங்குக. பிடிக்காவிடின் திருப்பி எடுக்கும் கடையே நல்ல கடை.

இவற்றையெல்லாம் கணிக்க வேண்டியது ஓமின் விதியும் வலுவின் சமன்பாடுமே. நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் வோல்ற்றுமானியின் முன் நின்று, புள்ளிக்காக மட்டும் கற்கின்றோம் என்று எண்ணிய பாடம் அது. முறையாக அன்றே மனங்கொண்டிருந்தால் ஒரு மாதச் சம்பளம் எமக்கு மிஞ்சியிருக்கும்.

மருமகன் தன் 32 ஓம் ஹெட்போனைக் கொண்டுவந்து, குறிப்பேட்டிற் கணக்கைத் தானே செய்தான். விடையைக் கண்டு சிறிது நேரம் பேசாதிருந்தான். "அப்படியென்றால் எனக்கு ஒன்றும் வேண்டாமே, மாமா" என்றான். மறுநாட் காலை எம் பழைய நாடாப்பெட்டியையும் உள்வாங்கு மாற்றியையும் இரவல் கேட்டான். அடுத்த லயத்தில், காமன் கூத்துப் பாட்டுகளை முழுவதும் அறிந்த தாத்தா ஒருவர் இருக்கின்றாராம். அவருடைய பழைய நாடாக்கள் நான்கு பெட்டியிற் கிடக்கின்றனவாம். திருகாணியை எத்திசையில் திருப்புவது என்று மட்டும் காட்டிக் கொடுத்து, நாம் பஸ் ஏறினோம்.